மனையை விட்டு வாடகைக்கு மாறினேன்

மனைக்கும் நம்மூரில் 'பிளாட்' என்றுதான் பெயர். அடுக்குமாடி வீட்டுக்கும் 'பிளாட்' என்றுதான் பெயர். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலி அம்மாள், "நீங்க பிளாட் பிஸினஸாமே?" என்று விசாரித்தால், எதைக் கேட்கிறார் என்று எனக்கு ஒரு விநாடி குழப்பம் வந்துவிடும். "ஆமாங்க, முதல்ல அந்த பிளாட்டு, அப்புறம் இந்த பிளாட்டு, இப்ப கடை" என்று உள்ளதைச் சொன்னால், ஏதோ மறைக்கிறாள் என்று நினைத்துக் கொள்கிறார்கள்!

டாக்டர்களிலே கண் டாக்டர், பல் டாக்டர், குழந்தை டாக்டர் என்று பிரிவு உண்டு. கண் டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்ல மாட்டோம். ஆனால் நிலம், வீடு, கடை என்று வந்துவிட்டால் எல்லாமே ஒரே தொழில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பதினெட்டு வருஷம் மனையே கதி என்று இருந்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் வாடகைப் பக்கம் மாறியவள் நான். மாறும்போது எது கூடவே வந்தது, எதைப் புதுசாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை எழுதுகிறேன். சேர்த்து வைத்த பணத்தை எதில் போடலாம் என்று யோசிக்கும் சகோதரிகள் யாருக்காவது உபயோகப்படலாம்.

1998-ல் தாம்பரத்தில் மனை போட்டு விற்கும் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அங்கே பத்திரம் எழுத வரும் பெரியவர் ஒருவர்தான் எனக்குக் குரு. சர்வே எண், உட்பிரிவு, பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு, மத்தியான வேளையில் பாடம் நடத்துவார். "மூலப் பத்திரத்தைக் கண்ணால பார்க்காம அட்வான்ஸ் கொடுத்துடாதம்மா. ஜெராக்ஸு என்ன வேணும்னாலும் பேசும்" என்பார். வில்லங்கச் சான்றை முப்பது வருஷத்துக்குப் போட்டு எடுக்கச் சொல்வார். அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும், பதிவாகாத விவகாரம் எதுவும் வராது, அதனால் அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்பதும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

மறு வருஷமே நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து ஊரப்பாக்கத்தில் அரை கிரவுண்டு வாங்கினோம். ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி. அப்போது அந்த உள்பகுதியில் சதுர அடி 50 ரூபாய். அறுபதாயிரம் ரூபாய் புரட்டுவதற்குள் இருவர் வளையலும் அடகுக் கடைக்குப் போய் வந்தன. 2006-ல் அதை 3,60,000 ரூபாய்க்குக் கொடுத்தோம். அப்புறம் வாங்குவதும், நாலைந்து வருஷம் வைத்திருந்து விற்பதுமாகவே போயிற்று. மழை பெய்த மறுநாள்தான் மனை பார்க்கப் போவோம். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை எந்த நோட்டீஸிலும் அச்சடிக்க மாட்டார்கள் அல்லவா! முடிச்சூர்ப் பக்கம் மலிவாக வந்த இரண்டு மனைகளை அப்படிப் பார்த்துத்தான் ஒதுக்கினோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் என்ன பாடு பட்டன என்பதை எல்லோரும் பார்த்தோம்.

மனைத் தொழிலின் குணம் என்னவென்றால், அது பொறுமைசாலிகளுக்கானது. ஏழு வருஷத்தில் அறுபதாயிரம் ஆறு மடங்காயிற்று, சரி. அந்த ஏழு வருஷத்தில் அது ஒரு தம்படி கொடுத்ததா என்றால் இல்லை. வீட்டில் மாதச் சம்பளம் ஒன்று வந்துகொண்டிருந்ததால் எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. பால்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இவர் சம்பளம். மனை அதுபாட்டுக்கு மூலையில் கிடக்கட்டும் என்று இருந்தோம்.

அந்தச் சம்பளம் திடீரென்று நின்றுபோனால் மனை எப்படிப்பட்ட சொத்து என்பது என் தங்கை வீட்டில்தான் தெரிந்தது.

2015 ஜூனில் தங்கை வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். 43 வயது. தங்கைக்கு 38. பையன் அப்போதுதான் ப்ளஸ் ஒன்னில் சேர்ந்திருந்தான். இன்ஷூரன்ஸ், பிராவிடண்ட் பண்ட் எல்லாமாக 22 லட்ச ரூபாய் வந்தது. அதோடு படப்பைக்கு அப்பால் அரை கிரவுண்டு மனை. 2011-ல் மாதத் தவணைத் திட்டத்தில் அவர் ஆசையாகக் கட்டி வாங்கியது. 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மனைப் பிரிவுக்கு அனுமதி தர வேண்டியது டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. அந்த நாளில் இந்த வார்த்தையை நம்பி வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ!

பையன் படிப்புக்கு ஆகட்டுமே, அந்த மனையை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. பேச்சு வந்த வேளை, 2016 செப்டம்பர் 9-ம் தேதி, அனுமதி பெறாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலங்கள் கண்டபடி மனைகளாவதைத் தடுக்க வந்த உத்தரவு. நியாயமானதுதான். ஆனால் ஒரே நாளில் அந்த மாதிரி மனைகள் எல்லாம் பூட்டிய பெட்டி மாதிரி ஆகிவிட்டன. நவம்பரில் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவித்ததும் அனுமதி பெற்ற மனைகளைக்கூட ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. நம்மில் பல பேருக்கு இது தெரிவதில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கணவர் உயில் எழுதாமல் போய்விட்டால், அவர் பேரில் இருந்த சொத்து மனைவிக்கு மட்டும் வந்துவிடாது. இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், அவருடைய தாயார் எல்லோருக்கும் சமபங்கு. ஆகவே தங்கை, பையன், தங்கையின் மாமியார் மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்கலாம். பையனோ மைனர். மைனர் பங்கை விற்பதற்குத் தாயாரே ஆனாலும் கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். "அலைய வேண்டாம், பையனுக்குப் பதினெட்டு ஆகட்டும்" என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆக, மனை இருந்தது. ஆனால் அதை வைத்து ஒரு நாள் சமையல்கூடச் செய்ய முடியாது.

கையில் இருந்த 22 லட்சத்துக்கு மட்டும் யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. "கூடப் பிறந்தவ மனைத் தொழில்லயே இருக்கா, உனக்கென்ன? நல்ல அப்ரூவ்டு மனையா நாலு வாங்கிப் போடு" என்றார் சித்தப்பா. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

தங்கை மெதுவாகக் கேட்டாள். "அக்கா, மனை வாங்கிப் போட்டா மாசாமாசம் நான் எதை வெச்சு சமைக்கிறது?"

என் பதினெட்டு வருஷ அனுபவத்தில் அதற்குப் பதில் இல்லை. எந்த ஊரில் மனை ஏறும், எந்தப் பத்திரத்தில் ஓட்டை இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாதம் பிறந்தால் பணம் வருகிற சொத்து எது என்று எனக்குத் தெரியாது.

அன்று ஒன்று மட்டும் தீர்மானம் செய்தேன். புதுப் பிரிவைக் கற்றுக்கொள்வது என் காசில்தான், அவள் காசில் இல்லை. அவளுடைய 22 லட்சத்தையும் பாங்கில் மாத வட்டி வருகிற மாதிரி போடச் சொன்னேன். அப்போது 7 சதவீத அளவில் வட்டி கிடைத்தது. மாதம் 12,800 ரூபாய் சொச்சம். சேலையூரில் அம்மா வீட்டோடு இருந்ததால் வாடகைச் செலவில்லை. கடித்துப் பிடித்து ஓட்டினாள்.

நானும் ஓரகத்தியும் கூடுவாஞ்சேரியில் இருந்த எங்கள் மனை ஒன்றைக் கொடுத்துவிட்டு, 2017-ல் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு படுக்கையறை கொண்ட பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை 21 லட்சத்துக்கு வாங்கினோம். மனைத் தொழிலில் இருப்பவர்களுக்கு அடுக்குமாடி வீடு என்றாலே ஓர் இளக்காரம். "ஆகாசத்துல எதுக்குக்கா காசு கொடுக்கறீங்க?" என்று தெரிந்த புரோக்கர் கேலி செய்தார்.

பழைய படிப்பில் பாதி அப்படியே கை கொடுத்தது. மூலப் பத்திரம், வில்லங்கம், தண்ணீர் ஓட்டம் எதுவும் மாறவில்லை. வீட்டை அளப்பதுதான் புதுசு. விற்பவர் சொல்லும் சதுர அடியில் மாடிப்படி, நடைவழி எல்லாம் அடங்கியிருக்கும். உள்ளே நாம் புழங்குகிற இடம் அதைவிடக் குறைவு. அதைக் காட்டிலும் முக்கியம் 'யு.டி.எஸ்.' என்கிற பிரிக்கப்படாத நிலப் பங்கு. கட்டடம் இருக்கிற மனையில் நம் வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் இருக்கும். கட்டடம் வருஷத்துக்கு வருஷம் பழசாகிக்கொண்டு போகும், விலை ஏறுவது இந்த நிலப் பங்குதான். நாளைக்கு எல்லோருமாகச் சேர்ந்து இடித்துக் கட்டினாலும் கணக்கு அதை வைத்துத்தான். அழகான டைல்ஸைப் பார்த்து மயங்கி, யு.டி.எஸ். எவ்வளவு என்று கேட்காமலே முன்பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் குடித்தனக்காரர்கள்! மனை டெலிபோன் செய்யாது. வீடு செய்யும். காலை ஆறு மணிக்கு, "அக்கா, மோட்டார் ஓடல." ராத்திரி பத்து மணிக்கு, "அக்கா, பாத்ரூம் குழாய் நிக்கவே மாட்டேங்குது." முதல் மூன்று மாதம் எனக்கு ரத்த அழுத்தமே ஏறிவிட்டது என்று இவர் சொல்வார். பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் மூவர் நம்பரையும் குடித்தனக்காரரிடமே கொடுத்து, ஐந்நூறு ரூபாய்க்குள் ஆகிற வேலையை என்னைக் கேட்காமலே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்ன பிறகுதான் நிம்மதி வந்தது. நம்பினால்தான் நடக்கிற தொழில் இது. வீடு கேட்டு வருபவர்களிடம் என்ன ஜாதி, கறி சாப்பிடுவீர்களா என்றெல்லாம் நான் கேட்பதில்லை. வேலை எங்கே, இதற்கு முன்பு குடியிருந்த இடத்தில் ஒழுங்காக வாடகை கொடுத்தார்களா என்ற இரண்டே கேள்விதான். எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த இரண்டு கேள்வி போதுமாகத்தான் இருக்கிறது.

அட்வான்ஸ் விஷயத்தில் சென்னையில் பத்து மாத வாடகையைக் கேட்பது பழக்கமாக இருந்தது. 1960-ம் வருஷத்து வாடகைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், வேறு மாதிரி இரு தரப்பும் ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அதில் இருக்கிறது. நான் மூன்று மாதம்தான் வாங்குகிறேன். பெரிய தொகையை வாங்கிச் செலவழித்துவிட்டு, அவர்கள் காலி செய்கிற அன்று "சுவரில் ஆணி அடிச்சிருக்கீங்களே" என்று சண்டை பிடிக்கும் வீட்டுக்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பிடிக்காது.

வருஷக் கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 7,500 வாடகை. நடுவில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தது, வெள்ளையடித்தது, குழாய் ரிப்பேர், சொத்து வரி எல்லாம் போகக் கையில் நின்றது 70,000. போட்ட முதல் 21 லட்சம். அதாவது நூற்றுக்கு மூணேகால் சொச்சம்! அதே பணம் பாங்கில் இருந்தால் இரட்டிப்பு வந்திருக்கும். எங்களுக்கு அது பரவாயில்லை. நிலப் பங்கின் விலை ஏறும், வாடகையும் ஏறும், வருமான வரியில் வீட்டு வாடகைக்கு 30 சதவீதம் கழிவும் உண்டு. காத்திருக்க எங்களால் முடியும். தங்கையால் முடியாது. அவளுக்கு வீடும் சரிப்படாது என்று அந்தக் கணக்கு சொல்லிற்று. நல்ல வேளை, அது என் நோட்டுப் புத்தகத்தில் தெரிந்தது, அவள் அடுப்பில் தெரியவில்லை.

அடுத்தது கடை. கடை வாடகை என்பது மூன்றாவது பிரிவு, வீட்டைப் பார்க்கிற கண் இதற்கு ஆகாது. கிழக்கு வாசலா, காற்று வருமா என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஆறு மாதம் நானும் தங்கையும் தெருத்தெருவாக நின்றோம். காலை ஒன்பது மணிக்கு எத்தனை பேர் போகிறார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு எந்தப் பக்கத்து நடைபாதையில் கூட்டம், இரண்டு ஸ்கூட்டர் நிறுத்த இடம் உண்டா, வாசல்படி எத்தனை என்று நோட்டில் குறித்துக்கொண்டோம். படி நாலுக்கு மேல் இருந்தால் முட்டிவலிக்காரர்கள் ஏற மாட்டார்கள் என்று தங்கைதான் கண்டுபிடித்தாள். அவளுக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. வீட்டுக்காரர் போன பிறகு அவள் வெளியே வந்து நின்றதே அந்த ஆறு மாதத்தில்தான். அம்மாகூட, "முகத்துல ரத்தம் ஓடுது பாரு" என்றாள்.

கடை வாடகை போட்ட முதலுக்கு ஆறு, ஏழு சதவீதம் வரும். ஒப்பந்தமும் மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று நீளம். உள்ளே அலமாரி, விளக்கு எல்லாம் அவர்கள் செலவு. ஆனால் சொத்து வரியும் மின்கட்டணமும் வீட்டைவிட அதிகம். காலியானால் அடுத்த ஆள் வர ஆறு மாதமும் ஆகும், ஒரு வருஷமும் ஆகும். அதனால் யார் குடி வருகிறார்கள் என்பதுதான் கடையின் உயிர்நாடி.

இதற்கிடையில் மனையின் பூட்டும் திறந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பதிவான மனைகளை வரன்முறை செய்துகொள்ள 2017 மே மாதம் அரசு விதிகள் கொண்டுவந்தது. கட்டணத்தைக் கட்டி ஒழுங்கு செய்தோம். 2018-ல் பையனுக்குப் பதினெட்டு முடிந்தது. தங்கையின் மாமியாரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்றுதான் எங்களுக்குக் கலக்கம். மூன்றில் ஒரு பங்கு அவருடையது. கேட்டால் தர வேண்டும், அதில் தப்பும் இல்லை. ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவர், காபியைக் குடித்து முடித்துவிட்டு, "எங்க கையெழுத்துப் போடணும் சொல்லு. எனக்கு வேணாம்டி. அவன் உனக்குன்னுதான் தவணை கட்டினான்" என்றார். தன் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதி மருமகளுக்கே விட்டுக் கொடுத்தார். ரிஜிஸ்டிரார் ஆபீஸில் கைரேகை வைக்கிறபோது அந்த அம்மாள் அழவில்லை, நாங்கள்தான் அழுதோம்.

மனை 7 லட்சத்துக்குப் போயிற்று. 2019 ஜூலையில் சேலையூருக்குப் பக்கத்திலேயே 200 சதுர அடிக் கடை ஒன்றை 16 லட்சத்துக்குத் தங்கை பேரில் வாங்கினோம். பத்திரச் செலவெல்லாம் சேர்த்து பதினேழரை லட்சம். மீதி பதினொன்றரை லட்சம் பாங்கிலேயே இருந்தது. இரண்டு பேர் கடைக்குக் கேட்டு வந்தார்கள். செல்போன் கடைக்காரர் 10,500 தருகிறேன் என்றார், மருந்துக் கடைக்காரர் 9,000. தங்கை மருந்துக் கடைக்கே கொடுக்கலாம் என்றாள். "நாலு வீடு தள்ளி டாக்டர் கிளினிக் இருக்கு. இவர் சீக்கிரம் காலி பண்ண மாட்டார்க்கா." எனக்கு அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் உறுத்தியது, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் கடை அவளுடையது.

எட்டு மாதத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. எங்கள் வீட்டில் குடியிருந்தவர் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். பாவம், வேலையே இல்லாமல் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். நாலு மாதம் வீடு காலி. தங்கை கடைக்குப் பக்கத்தில் ரவிக்கை தைக்கும் கடை. அதன் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற டீச்சர், ஐந்து மாதம் வாடகையே கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? மருந்துக் கடை மட்டும் ஒரு நாள்கூட மூடவில்லை. ஐந்தாம் தேதி ஆனால் 9,000 வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் பாங்க் வட்டியும் ஐந்தரை சதவீத அளவுக்கு இறங்கிவிட்டிருந்ததால், அந்தக் கடை வாடகைதான் குடும்பத்தைத் தாங்கியது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை 15 சதவீதம் ஏற்றம் என்று ஒப்பந்தம். 2022-ல் 10,350, 2025-ல் 11,900.

நாலாவது பிரிவுக்கு என்னை இழுத்துவிட்டவன் தங்கை மகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2022-ல், "பெரியம்மா, ரீட்னு ஒண்ணு இருக்கு. ஆபீஸ் கட்டடத்தை எல்லாம் சின்னச் சின்னப் பங்கா போட்டு ஷேர் மார்க்கெட்ல விக்கறாங்க" என்றான். பத்திரம் கையில் இல்லாத சொத்து என்றதும் எனக்கு முகம் சுளித்தது. உட்கார்ந்து விசாரித்தேன். செபி 2014-ல் இதற்கு விதிகள் போட்டிருக்கிறது. எம்பஸி ஆபீஸ் பார்க்ஸ் என்பதுதான் 2019 ஏப்ரலில் முதலில் பட்டியலுக்கு வந்தது. சொத்தில் குறைந்தது 80 சதவீதம், கட்டி முடித்து வாடகை வருகிற கட்டடங்களாக இருக்க வேண்டும். பங்கிடத்தக்க பணத்தில் 90 சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். 2021-லிருந்து ஒரே ஒரு பங்குகூட வாங்கலாம். 2023 மேயில் வந்த நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் மால்களுக்கானது. வடபழநியில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோமே, நெக்ஸஸ் விஜயா மால், அதுவும் அதில் ஒன்று.

அவனிடம் நான் கேட்டது மருந்துக் கடை விஷயத்தில் கேட்ட அதே கேள்விகள்தான். யார் குடியிருக்கிறார்கள்? ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருஷம்? எவ்வளவு இடம் காலி? எல்லாவற்றையும் அவர்கள் அறிக்கையில் எழுதியே இருக்கிறார்கள் என்று செல்போனில் எடுத்துக் காட்டினான். பரவாயில்லையே, எந்த வீட்டுக்காரர் இவ்வளவு சொல்கிறார்! என் பணத்தில் ஒரு லட்சம் மட்டும் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கில் பணம் வந்து விழுகிறது. மோட்டார் ஓடவில்லை என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் விலை தினம் ஏறி இறங்குகிறது. கடையின் விலை இறங்கினாலும் நமக்குத் தெரியாது, அதனால் தூக்கம் வரும். இதில் தினமும் தெரிகிறது. பயந்த சுபாவம் உள்ளவர்கள் இதில் நிறையப் போடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். வாட்ஸப்பில் 'நிலத்தில் பங்கு' என்று வருகிற விளம்பரங்களை இதோடு சேர்த்துக் குழப்பிக் கொள்ளவும் கூடாது. செபியில் பதிவானதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

இப்போது கதை திரும்பியிருக்கிறது. பையன் சம்பாதிக்கிறான். கடை வாடகையைத் தங்கை அப்படியே சேர்த்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். போன மாதம் வந்து, "அக்கா, இப்ப எனக்கு ஒரு மனை வாங்கணும்" என்றாள். நான் விட்டுவிட்டு வந்த பிரிவுக்கு அவள் கிளம்புகிறாள்! மாதாமாதம் பணம் வேண்டியதில்லை, காத்திருக்க முடியும் என்கிறபோது மனை அவளுக்குப் பொருந்துகிறது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு ஊரப்பாக்கம் பக்கம் நெருங்க முடியாத விலை. அதனால் படப்பைப் பக்கம் அரை கிரவுண்டுக்கும் குறைவாக, 10 லட்சத்துக்குள் பார்க்கிறோம். 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பேரில் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

ஒரு மனை பிடித்திருந்தது. டி.டி.சி.பி. அனுமதி சரி, ரெரா எண்ணும் சரி. மூலப் பத்திரத்தை நான் வாசிக்க, அவள் வில்லங்கச் சான்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். 1994-ல் நிலத்தின் சொந்தக்காரர் இறந்துபோய், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் விற்றிருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருக்கிறது. "அக்கா, அவங்க அம்மா அப்ப உயிரோட இருந்திருக்காங்களே, அந்தப் பாட்டி கையெழுத்து எங்க?" என்றாள். விற்பவர் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அட்வான்ஸ் கொடுக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டோம்.